வராத விளையாட்டுக்கு முன்பணம் கட்டலாமா?

ஒரு புத்தகம் இன்னும் அச்சாகவில்லை. அட்டைப்படமும் சில மாதிரிப் பக்கங்களும்தான் தயார். அதற்குள் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அதற்குப் பணம் கட்டிவிட்டு, ஓராண்டுக்கு மேல் காத்திருக்கிறார்கள். அது பாடநூலும் இல்லை, நாவலும் இல்லை. மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, கதை சொல்லி விளையாடும் ஒரு விளையாட்டின் புத்தகம்.

இப்படிப் பலரிடம் சிறு சிறு தொகையாக முன்பணம் வாங்கி ஒன்றை உருவாக்குவதைக் கூட்டு நிதி திரட்டல் என்கிறார்கள். 2021-இல் 'அவதார் லெஜண்ட்ஸ்' என்ற கதை விளையாட்டு 'கிக்ஸ்டார்ட்டர்' தளத்தில் 81,000-க்கும் அதிகமானோரிடமிருந்து 9.5 மில்லியன் அமெரிக்க டாலர் திரட்டியது. 2024-இல் நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சனின் கதைகளை வைத்து வந்த 'காஸ்மியர்' விளையாட்டு 15 மில்லியன் டாலரைத் தாண்டியது. இவை பெரிய திமிங்கிலங்கள். இவற்றுக்குக் கீழே, சில ஆயிரம் டாலர் கிடைத்தால் போதும் என்று வரிசையில் நிற்கும் சிறிய விளையாட்டுகள் எந்த வாரமும் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

என் அக்காள் மகனுக்கு வயது 15. அவன் கண்ணில் அப்படி ஒன்று பட்டது. "மாமா, இதுக்கு 90 வெள்ளி கட்டலாமா?" என்று கேட்டான். பக்கத்தில் இருந்த அக்கா விடவில்லை: "வராத சாமானுக்கு எதுக்குடா காசு?"

அக்காவின் கேள்வி சரியான கேள்வி. இன்று பல தமிழ் வீடுகளில் பிள்ளைகளும், வேலைக்குப் போகத் தொடங்கிய இளைஞர்களும் இந்தப் பக்கம் பணம் செலுத்துகிறார்கள். அதனால் அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லலாம் என்று தோன்றியது.

முதலில், இது என்ன விளையாட்டு?

நமக்குத் தெரிந்த மேசை விளையாட்டுகளில் பலகை இருக்கும், காய் இருக்கும், ஒருவர் வெல்வார். கதை விளையாட்டில் பலகை கட்டாயமில்லை. ஒருவர் கதை நடத்துநர். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். நடத்துநர் ஒரு சூழலைச் சொல்வார்: "இரவு. ஆற்றங்கரை. படகு இல்லை. எதிர்க்கரையில் யாரோ விளக்கை ஆட்டுகிறார்கள். என்ன செய்கிறீர்கள்?" ஒருவர் நீந்துகிறேன் என்பார், இன்னொருவர் குரல் கொடுக்கிறேன் என்பார். முடியுமா முடியாதா என்பதைப் பகடை சொல்லும். ஆறு பக்கப் பகடை மட்டுமல்ல, இருபது பக்கப் பகடையும் உண்டு. பகடை நம் ஊருக்குப் புதிதல்ல, கீழடி அகழாய்விலேயே கிடைத்திருக்கிறது. நம் பாட்டிகள் தாயமும் பல்லாங்குழியும் ஆடியவர்கள். தோட்டத்தில் சோழி கிடைக்காதபோது ரப்பர் கொட்டைதான் காய்.

இவ்வகை விளையாட்டுகளுக்கு மூத்தது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கியது. 1974-இல் வெளிவந்தது. அதன் பிறப்பும் ஒரு கூட்டுப் பணக் கதைதான். வெளியிட ஆள் இல்லாததால் 1973-இல் கைகாக்ஸும் நண்பர் டான் கேயும் ஆளுக்கு 1,000 டாலர் போட்டு ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார்கள். அச்சுக் கூலிக்கு அது போதவில்லை. பிரையன் புளூம் என்ற இன்னொரு நண்பர் 2,000 டாலர் கொண்டுவந்தார். முதலில் அச்சிட்டது வெறும் 1,000 பிரதி. பெட்டியில் தாள்களை அடுக்கும் வேலையை வீட்டிலேயே செய்தார்கள்.

1980-களில் அமெரிக்காவில் சில பெற்றோர் இவ்விளையாட்டு பிள்ளைகளைப் பேய், மந்திரம் என்று கெடுக்கிறது எனப் பயந்தார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் எல்லா விளையாட்டும் எல்லா வயதுக்கும் ஏற்றது என்று நினைக்கக்கூடாது. இரத்தம், பயங்கரம் உள்ளவையும் உண்டு. திரைப்படத்துக்குப் போகும்போது வயது வரம்பைப் பார்ப்பதுபோல் இதிலும் பார்க்க வேண்டும்.

நமக்குப் பழகிய வழிதான்

முன்பணம் வாங்கிப் புத்தகம் போடுவது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புது வித்தை இல்லை. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அச்சுச் செலவுக்குக் 'கையொப்பம்' வாங்கினார். புத்தகம் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்று பெரியவர்கள் கையெழுத்திட்டு, சிலர் முன்கூட்டியே பணமும் கொடுத்தார்கள். அவர் தம் வாழ்க்கை வரலாற்றிலேயே இதை எழுதியிருக்கிறார். இன்றைய தளங்களில் பெயர் மாறியிருக்கிறது, வேலை அதேதான்.

மலேசியத் தமிழர்களுக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர் வீடும் வேலையும் ஒரே நாளில் போய்க்கொண்டிருந்த காலத்தில், 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் மரம் சீவிய கைகள் மாதம் 10 வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டின. அந்தப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். ஆளுக்குப் பத்து வெள்ளி என்பது சிறிய தொகை. ஆயிரமாயிரம் பேர் சேர்ந்தால் அது ஒரு தோட்டம்.

அதே சமயம் நம் வீடுகளில் 'கூட்டு' என்ற சொல்லைக் கேட்டாலே சிலருக்கு வயிற்றைக் கலக்கும். மாதாமாதம் பணம் போட்டு, ஏலம் எடுத்து, நடத்தியவர் திடீரெனக் காணாமல் போன கதை எத்தனை குடும்பங்களில்! கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டின் கூட்டு நிதி (தடை) சட்டம் தடுக்கிறது. நம் 'கூட்டு' என்ற சொல் இந்நாட்டுச் சட்டத்தின் பெயரிலேயே ஏறிவிட்டது.

எனவே மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கூட்டில் போட்ட பணம் பணமாகத் திரும்ப வர வேண்டும். பங்கில் போட்டால் லாபத்தில் உரிமை உண்டு. அந்த வகை இணைய நிதி திரட்டலுக்கு மலேசியாவில் 2015-இலிருந்து பங்குப் பத்திர ஆணையத்தின் அனுமதி பெற்ற தளங்கள் இருக்கின்றன. கதை விளையாட்டுக்குக் கட்டும் பணம் இவை இரண்டும் இல்லை. லாபம் கிடையாது, வட்டி கிடையாது. உருவானால் ஒரு புத்தகம் வரும். கடையில் வாங்குவதும் இல்லை இது. ஒருவரின் முயற்சிக்குத் துணை நிற்பதற்குக் கொடுக்கும் பணம்.

பணம் எப்படி நகர்கிறது?

கிக்ஸ்டார்ட்டர் 2009-இல் தொடங்கியது. அங்கே விதி எளிது: கேட்ட தொகை குறித்த நாளுக்குள் சேர்ந்தால்தான் பணம் எடுக்கப்படும். 10,000 டாலர் கேட்டு 9,000 வந்தால், யாருடைய அட்டையிலிருந்தும் ஒரு காசும் போகாது. இலக்கு எட்டினால் தளம் 5 விழுக்காடு எடுத்துக்கொள்ளும். பணப் பரிமாற்றத்துக்குச் சுமார் 3 முதல் 5 விழுக்காடு போகும். மீதி, உருவாக்குபவர் கைக்கு. இலக்கு எட்டாவிட்டாலும் பணத்தை எடுத்துக்கொள்ளும் வசதி உள்ள தளங்களும் இருக்கின்றன. அங்கே இன்னும் கவனம் தேவை.

இந்த வழி கதை விளையாட்டுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது? ஒரு புதிய கைப்பேசி செய்யத் தொழிற்சாலை வேண்டும். கதை விளையாட்டுக்கு எழுதுபவர், வரைபவர், பக்கம் அமைப்பவர், அச்சகம் போதும். மின்னூலாகக் கொடுத்தால் அச்சகம்கூட வேண்டாம். 2019 பிப்ரவரியில் கிக்ஸ்டார்ட்டர் 'ஸைன் குவெஸ்ட்' என்று ஒரு இயக்கத்தைத் தொடங்கியது. தாளை மடித்து ஊசி போட்ட சிறு புத்தகமாக விளையாட்டுகளை வெளியிடச் சொல்லி அழைத்தது. வீட்டு மேசையில் எழுதிக்கொண்டிருந்த பலர் அப்படித்தான் முதன்முதலாக வெளியே வந்தார்கள்.

நம் நாட்டிலும் ஆள் இருக்கிறார். மலேசிய எழுத்தாளர் செடெக் சியூ, ஓவியர் முன்காவுடன் சேர்ந்து 'எ தவுசண்ட் தவுசண்ட் ஐலண்ட்ஸ்' என்ற சிறு நூல் வரிசையை வெளியிட்டார். டிராகனும் கோட்டையும் அங்கே இல்லை. முதலைகள் ஆளும் நதி நாடு, பூனைகளோடு வாழும் காட்டுக் கிராமம் என்று தென்கிழக்காசிய மண்ணிலிருந்து எடுத்த கதைகள். அந்த வரிசையில் வந்த 'ரீச் ஆஃப் தி ரோச் காட்' என்ற பெரிய நூலுக்குக் கிக்ஸ்டார்ட்டர் வழியாகவே பணம் திரண்டது. கரப்பான் பூச்சித் தெய்வத்தைப் பற்றிய கதைக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்து பணம் வந்தது என்றால், நம் ஊர்க் கதைக்கு வெளியே மதிப்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு தடை உண்டு. கிக்ஸ்டார்ட்டரில் யாரும் பணம் கொடுக்கலாம், ஆனால் பணம் கேட்டுத் திட்டம் தொடங்க, அந்தத் தளம் ஏற்ற நாடுகளில் ஒன்றின் முகவரியும் வங்கிக் கணக்கும் வேண்டும். சிங்கப்பூர் 2016-இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. மலேசியாவும் இந்தியாவும் அதில் இல்லை. இங்குள்ளவர் தொடங்க நினைத்தால் அந்நாடுகளில் ஒரு கூட்டாளியைத் தேட வேண்டும், அல்லது வேறு தளத்துக்குப் போக வேண்டும்.

ஏமாந்தவர்களும் உண்டு

2012-இல் 'தி டூம் தட் கேம் டு அட்லாண்டிக் சிட்டி' என்ற பலகை விளையாட்டுக்கு 35,000 டாலர் கேட்டார்கள். 1,22,000-க்கும் மேல் சேர்ந்தது. அடுத்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. பணத்தின் பெரும்பகுதி வீட்டு வாடகை போன்ற சொந்தச் செலவுக்குப் போனதாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டி, 2015-இல் நடவடிக்கை எடுத்தது. கூட்டு நிதி திரட்டல் தொடர்பாக அந்த ஆணையம் எடுத்த முதல் வழக்கு அது. விளையாட்டை உருவாக்கியவர்கள் வேறு, பணத்தைத் திரட்டியவர் வேறு. பின்னர் வேறொரு நிறுவனம் முன்வந்து அந்த விளையாட்டை அச்சிட்டுக் கொடுத்தது.

இப்படி எல்லாமே போய்விடுமா? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈதன் மாலிக் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, கிக்ஸ்டார்ட்டரில் நிதி பெற்ற திட்டங்களில் சுமார் 9 விழுக்காடு சொன்னதைக் கொடுக்கவில்லை என்றது. பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். தாமதம்தான் பெரிய நோய். அவருடைய முந்தைய ஆய்வில், முக்கால்வாசிக்கும் மேற்பட்ட திட்டங்கள் சொன்ன நாளுக்குப் பிறகே பொருளை அனுப்பின.

அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்ப தீபாவளிக்கு வரும்னு சொன்னா, அடுத்த தீபாவளின்னு எடுத்துக்கணும்" என்றார். நான் படித்த எந்தக் கட்டுரையும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

அக்காள் மகனும் நானும் அன்று உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். உங்கள் வீட்டிலும் பயன்படும்.

ஒன்று: விதிகள் எழுதி முடிந்துவிட்டனவா? இலவச மாதிரிப் பதிப்பு இருக்கிறதா? இருந்தால் முதலில் அதை இறக்கி, வீட்டில் ஒருமுறை விளையாடிப் பாருங்கள். படத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்.

இரண்டு: இதற்கு முன் இவர் என்ன வெளியிட்டார்? அதைச் சொன்னபடி அனுப்பினாரா? முந்தைய திட்டத்தின் பக்கத்தில் பணம் கட்டியவர்கள் எழுதியதைப் படியுங்கள்.

மூன்று: அஞ்சல் செலவு எவ்வளவு? 25 டாலர் புத்தகத்துக்கு மலேசியாவுக்கு அனுப்ப இன்னொரு 20 டாலர் ஆகலாம். அதைப் பல திட்டங்கள் பிறகுதான் வசூலிக்கும். மின்னூல் மட்டும் போதுமென்றால் பாதிக் கவலை குறையும்.

நான்கு: இலக்கைத் தாண்டினால் அதைத் தருவோம், இதைத் தருவோம் என்று வாக்குறுதி நீண்டுகொண்டே போகிறதா? அப்படி நீளும் திட்டங்கள்தான் பெரும்பாலும் தாமதத்தில் மாட்டுகின்றன.

ஐந்து: படங்களை யார் வரைந்தார்? செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தப்பட்டதா என்பதைச் சொல்லியிருக்கிறார்களா?

ஆறு: இந்தப் பணம் திரும்பி வராவிட்டால் வீட்டில் ஏதாவது தடைபடுமா? ஆம் என்றால் கட்ட வேண்டாம். கடன் அட்டையில் கடன் வைத்துக்கொண்டு கட்டவே வேண்டாம்.

பையன் பார்த்த திட்டம் முதல் மூன்றில் தேறியது, நான்காவதில் இடித்தது. 90 வெள்ளிப் புத்தகத்தை விட்டுவிட்டு, 40 வெள்ளி மின்னூலுக்கு அவன் சேமிப்பிலிருந்தே கட்டினான். முடிவு அவனுடையது.

பைராமின் வரைபடம்

என் கவலை 90 வெள்ளியைப் பற்றியது மட்டுமல்ல. நம் பிள்ளைகள் மேசையில் உட்கார்ந்து யாருடைய கதையை விளையாடுகிறார்கள்?

நான் பிறந்தது பைராம் தோட்டத்தில். பினாங்கு என்றதும் எல்லாரும் ஜார்ஜ்டவுனை நினைப்பார்கள். பைராம் பாலத்துக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில், நிபோங் திபால் பகுதியில் இருக்கிறது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ராம்ஸ்டன் குடும்பத்துக்கு இருந்த இடத்தின் பெயர் பைராம். அந்தக் குடும்பத்தின் கையில் இங்கே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் செம்பனை வந்தது. அருகிலுள்ள கலிடோனியா தோட்டத்தில் 99 கதவு மாளிகை என்று ஒன்று உண்டு. அதன் பேய்க் கதைகளைக் கேட்காமல் இந்த வட்டாரத்தில் யாரும் வளர்ந்திருக்க மாட்டார்கள். கடலோரத்தில் அலையாத்திக் காடு. கிரியான் ஆற்றங்கரையில் மின்மினிகள். ஒரு கதை விளையாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பள்ளி விடுமுறையில் அக்காள் பிள்ளைகளுக்காக அப்படி ஒன்றை நடத்தினேன். காலம் 1950-கள். திருவிழாவுக்கு முதல் நாள் இரவு கோயில் குத்துவிளக்கு காணாமல் போகிறது. ஒருவன் லாரி ஓட்டுநர், ஒருத்தி பால்மரம் வெட்டுபவரின் மகள், இன்னொருத்தி தோட்டத்து நர்ஸ். வரைபடம் வரைய எனக்கு லயங்களின் வரிசை நினைவில்லை. எங்கள் குடும்பம் இருந்த லயமே இன்று இல்லை. அம்மாவைக் கேட்டேன்.

76 வயது அம்மா பென்சிலை வாங்கினார். பெரட்டுக் களம், பால் கொட்டகை, கிராணி வீடு, குழாயடி, முனியாண்டி மரம் என்று வரிசையாகப் போட்டார். பையன் தன் ஓட்டுநரை விடியற்காலையில் கொட்டகைப் பக்கம் அனுப்பப் பார்த்தான். "அந்த நேரம் பெரட்டுலா. தண்டல் பார்த்தா அன்னிக்குப் பேரு போயிடும்" என்றார் அம்மா. பேரு போனால் என்ன, தண்டல் யார், காண்டா என்றால் என்ன, மங்கு எது என்று கேள்வி மேல் கேள்வி. வீட்டில் பாதி ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளைகள், அந்தப் பாத்திரமாகப் பேச வேண்டும் என்பதற்காகவே தமிழில் சொல் தேடினார்கள். விளக்கை எடுத்தவனைப் பிடித்ததும் சின்னவள் அவனை அடிக்கவில்லை. "உங்க வீட்டுல அரிசி இருக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. பாட்டி சொன்ன கதைகளிலிருந்து அவளே எடுத்தது.

அம்மாவின் தலையில் இருக்கும் அந்த வரைபடம் வேறெங்கும் இல்லை. இதுபோல ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு வரைபடம், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முதியவரிடம் இருக்கிறது. அவர்கள் போனால் அதுவும் போகும்.

கணக்கு ஒத்துவருமா?

நண்பர்கள் இதைப் புத்தகமாகப் போடலாமே என்கிறார்கள். ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 பேர் ஆளுக்கு 40 வெள்ளி தந்தால் 12,000 வெள்ளி. தளத்துக்கு 5 விழுக்காடு, 600. பணப் பரிமாற்றம் 4 விழுக்காடு என்றால் 480. மீதி 10,920. ஒரு பிரதிக்கு அச்சுக்கூலி 15 வெள்ளி என்று வைத்தால் 4,500. உள்நாட்டு அஞ்சலும் உறையும் 8 வெள்ளி என்றால் 2,400. கையில் நிற்பது 4,020. ஓவியருக்கும் பிழை திருத்துபவருக்கும் கொடுத்தது போக, எழுதியவருக்குத் தேநீர்க் காசு மிஞ்சும். காகித விலை ஏறினால் அதுவும் இல்லை.

லாபத்துக்காகச் செய்கிற வேலை இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. ஆனால் 300 குடும்பங்கள் என்பது எட்டாத எண்ணிக்கையும் இல்லை. ஒரு தோட்டத்து முன்னாள் மாணவர் புலனக் குழுக்களைக் கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த அளவு ஆட்கள் இருப்பார்கள்.

நான் மற்றவர்களிடம் எதிர்பார்ப்பதை நானும் செய்ய வேண்டும். விதிகள் முதலில் முடிய வேண்டும், மாதிரி இலவசமாகக் கையில் வர வேண்டும். இப்போது 16 பக்கத்தில் ஒரு மாதிரி தயாராகிறது. நடுப்பக்கத்தில் அம்மா வரைந்த வரைபடம், அவர் கையெழுத்தோடு. நான்கைந்து வீடுகளில் அதை விளையாடிப் பார்த்து, எங்கே சிக்குகிறது என்று தெரிந்த பிறகுதான் யாரிடமும் கையொப்பம் கேட்பேன்.